பொட்டு வைத்த எலிகள்

உலகில் முழங்கால் வலிக்கும் ஒவ்வொருவரும் சமயநல்லூர் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு போடக் கடமைப்பட்டவர்கள். எங்கள் எலி ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. நான் அதன் மேலாளர். புகழ்வது என் உத்தியோகம்.

உடம்பைக் காக்க ரத்தத்தில் ரோந்து சுற்ற வேண்டிய 'டி' அணு என்னும் காவலாளி, சில சமயம் சொந்த முழங்கால் மூட்டையே திருடன் என்று நினைத்துச் சாத்துகிறதாம். மூட்டு வீங்கிவிடுகிறது. இதை நிரூபிக்க ஆராய்ச்சியாளர் ஸ்ரீஜா ராப்பகலாக உழைத்தாள். எல்லா எலிகளுக்கும் மூட்டு வீங்க ஊசி. பாதி எலிகளுக்கு மட்டும் 'டி' அணு நீக்கம். நீக்கிய எலிகளின் வாலில் சிவப்பு மை. அவை வீங்காமல் இருந்தால் குற்றவாளி சிக்கிவிடும்.

அவள் ஊருக்குப் போயிருந்தபோது பிள்ளையார் சதுர்த்தி வந்தது. இயக்குநர் அனந்தநாராயணனுக்கு ஞானமும் வந்தது.

"பிள்ளையாரோட வாகனத்தை அரசாங்கப் பணத்துல வளக்கறோம். ஒரு பூஜை வேண்டாமாய்யா?"

மறுநாள் ஊரிலிருந்து திரும்பிய ஸ்ரீஜா அலறினாள். "வால்ல இருந்த மை எங்கண்ணே?"

"ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சு, அம்புட்டு எலிக்கும் குங்குமம் வச்சாச்சும்மா," என்றார் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் விருமாண்டி. "நெத்தியில வைக்கப் போனா கடிக்குதுக. அதான் வால்லயே வச்சுட்டோம்."

"அய்யோ, என் மூணு வருஷம் போச்சே!" அவள் இயக்குநரிடம் ஓடினாள். "ரத்தம் எடுத்துப் பாத்தா எது எந்த எலின்னு தெரிஞ்சிரும் சார். ஒரு வாரம் குடுங்க."

"எதுக்கும்மா? நாளைக்கு டெல்லியில இருந்து குழு வருது. வீங்காததெல்லாம் அணு நீக்கின எலி. வீங்கினதெல்லாம் நீக்காத எலி. அப்படியே பிரிச்சு எழுது."

"அதைத்தானே சார் கண்டுபிடிக்கணும்?"

"அதான் கண்டுபிடிச்சாச்சே!"

நூற்றுக்கு நூறு வெற்றி. இவ்வளவு ஒழுக்கமான எலிகளை விஞ்ஞானம் அதுவரை கண்டதில்லை. டெல்லிக் குழுவுக்குப் பொன்னாடையும் ஜிகர்தண்டாவும் வழங்கப்பட்டன.

ஸ்ரீஜா மட்டும் கையெழுத்துப் போட மறுத்தாள். போதாக்குறைக்கு ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டாள். வீங்காத எலிகளில் பாதிக்கு 'டி' அணு குத்துக்கல்லாக இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்ன அன்றே அவசரக் கூட்டம் கூடியது. நிலையத்தின் 'ஆரோக்கியத்துக்கு' ஊறு விளைவிக்கும் அந்நியர் என்று, வடை ஆறுவதற்குள், அவளை ஏகமனதாக நீக்கினோம்.

வாசலில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போறேன்ணே. எலிகளைப் பட்டினி போட்றாதீங்க," என்று விருமாண்டியிடம் சொல்லிவிட்டு ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

பாவம், எத்தனை எலிகளை வீணாக வீங்க வைத்துவிட்டோம்! காக்க வேண்டிய காவலாளி சொந்த ஆளையே திருடன் என்று எப்படிச் சாத்துகிறான் என்று தெரிந்துகொள்ள, எங்கள் கூட்ட அறைக் கதவைத் திறந்து பார்த்திருந்தாலே போதும்.