எனக்கு வராத அம்மை

வீட்டுக்குள் யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக, எனக்கு அம்மை கண்டிருப்பதாக ஐந்து வீடு கொண்ட ஒரு வளவையே நான் நம்ப வைத்தேன். வாசலில் வேப்பிலை கட்டியது என் கைதான். அப்போது நான் பட்டதாரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் குமாஸ்தா. இதில் எதுவும் என்னைத் தடுக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கண்வலி எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்திருந்தது. மெட்ராஸ் ஐ என்று பெயர். (மெட்ராஸிலிருந்து நமக்குத் தாமதமில்லாமல் வந்தது இது ஒன்றுதான் என்பார் எங்கள் ஹெட்கிளார்க்.) துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் முதல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லார் கண்ணும் மிளகாய்ப் பழமாக இருந்தது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் நம்பியது. நான் விஞ்ஞானம் படித்தவன், அதனால் நம்பவில்லை. ஆனாலும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. என் மனைவி கிருபா தலைப்பிரசவத்துக்காக நாசரேத்தில் தாய்வீட்டில் இருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்ற நிலைமை. கண்வலிக்காரர் யாரும் பிள்ளை பிறக்கிற வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது, மருமகனானாலும் சரி என்று மாமியார் சொல்லியனுப்பியிருந்தார். பிறந்ததும் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை. அதற்கு என் கண் வெள்ளையாக இருந்தாக வேண்டும்.

இடைஞ்சல் என் வீட்டுக் குழாய்.

எங்கள் வளவில் ஒரே தலைவாசலுக்குள் ஐந்து வீடுகள். நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றே ஒன்று. அது என் வீட்டு உள்முற்றத்தில் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆகவே விடிந்ததும் எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தோடு என் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். யாரும் கதவைத் தட்டுவதோ கேட்பதோ கிடையாது. நான் கைலியை இழுத்துக் கட்டுவதற்குள் முற்றத்தில் பாதி வளவு நிற்கும்.

அதில் முதல் ஆள் சண்முகக்கனி அக்கா. கணவர் உப்பளத்தில் வேலை. அக்காவுக்கு இடது கால் சற்றுக் குட்டை. குடத்தை இடுப்பில் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கை தண்ணீர் தளும்பி என் தரையில் விழும். அந்த வாரம் அக்காவின் கண் சிவந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைப்பார், அதே கையால் குழாயைத் திறப்பார். அவர்கள் போனதும் நான் சோப்புப் போட்டுக் குழாயைக் குளிப்பாட்டுவேன். அவ்வளவு சுத்தமான குழாய் அன்றைக்கு இந்தியாவில் வேறு இருந்திருக்காது.

"கண் சரியாகிற வரைக்கும் வராதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியிடம் நன்றாகத்தான் வந்தது. அக்காவைக் கண்டதும், "தண்ணி நல்லா வருதா அக்கா?" என்று வாய் கேட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் வராதே என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வது, அடிப்பதைவிட மோசம்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை கட்டியிருந்ததை அந்தச் சமயத்தில்தான் பார்த்தேன். உள்ளே யாருக்கோ அம்மை. துடைப்பம் விற்கிறவர்கூட அந்த வாசலில் குரலைத் தணித்துக்கொண்டு போனார். யாரும் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. இலை சொன்னது.

மறுநாள் விடிவதற்கு முன் வளவு முனையில் நின்ற வேம்பில் ஒரு கொத்து ஒடித்துக் கட்டிவிட்டேன். அலுவலகத்துக்கும் சொல்லியனுப்பினேன். ஹெட்கிளார்க் நான் கேட்டதற்கு மேலேயே லீவு கொடுத்தார். என்னை அவ்வளவு நாள் பார்க்காமல் இருப்பதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே குடச் சத்தம் வந்தது. நின்றது.

"ஏளா, அங்கனயே நில்லு" என்றார் அக்கா. "சாருக்கு அம்மை கண்டிருக்கு."

"வேதக்காரரு வீட்டுக்கா?" இது மரியபுஷ்பம். மணப்பாட்டுப் பெண், கணவர் தோணியில் போகிறவர், நாக்கு கொஞ்சம் நீளம். (வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்.) "பக்கத்துல இத்தன வீடு இருக்க, சார் வீட்டத் தேடியா வந்தா?"

"ஆத்தாளுக்கு எல்லா வீடும் ஒண்ணுதாம்ளா."

அதோடு அவர்கள் திரும்பினார்கள். நான் கட்டிலில் படுத்துச் சிரித்தது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை. அம்மை கண்டவன் வெளியே தலைகாட்ட முடியாது என்பதை வேப்பிலை கட்டுவதற்கு முன் நான் யோசித்திருக்கவில்லை.

அம்மை வந்தவரை எங்கள் ஊரில் ஆளாகப் பார்ப்பதில்லை, அம்மனாகப் பார்ப்பார்கள். அக்கா தினமும் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, சாத்திய கதவைப் பார்த்து, "தாயே, இளநி வச்சிருக்கேன். குளுந்து போ தாயே" என்பார். பி.எஸ்சி. படித்த, மீசை வைத்த நான் உள்ளே மூச்சுக் காட்டாமல் நிற்பேன். அம்மை வீட்டுக்குப் பக்கத்தில் தாளிக்கக் கூடாது என்று வளவு முழுக்கத் தாளிப்பு நின்றது. மீன் பொரிக்கிற வாசனையும் நின்றது. "எம் மாப்பிள்ள தோணியில இருந்து இறங்கி வந்து பொரிச்ச மீனக் கேட்டா, சாருட்ட அனுமதி வாங்கிட்டு வான்னா சொல்லுவேன்?" என்று மரியபுஷ்பம் கேட்டது என் காதில் விழுந்தது. அவளும் பொரிக்கவில்லை.

தண்ணீருக்கு அவர்கள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி உப்பளச் சாலையில் இருந்த பொதுக்குழாய்க்குப் போனார்கள். அக்காவும் போனார். என் வாசலில் தெளித்த மஞ்சள் தண்ணீரும் அங்கிருந்து வந்ததுதான்.

என் குழாயில் காலையில் வழக்கம்போல் தண்ணீர் வந்தது. நான் ஒருவன் எவ்வளவு பிடிக்க? தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிடுமே என்று வாளிக்குள் பழைய வேட்டியை மடித்துப் போட்டேன். பிறகு சத்தமில்லாமல் விழுந்தது. முன்பெல்லாம் குடம் இடிபடுகிற சத்தமும் அவர்கள் சண்டையும் என் தூக்கத்தைக் கெடுப்பதாகக் கிருபாவிடம் குறைப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த முற்றத்தில் நின்று நானே இரண்டு குடங்களை இடித்துப் பார்த்தேன். வேறு மாதிரிச் சத்தம் வந்தது.

இத்தனைக்குப் பிறகு கண்வலி வந்தது. வேப்பிலை கட்டுவதற்கு முன்பே அலுவலகத்திலிருந்து நான் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஒரு காலையில் இமை திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் மிளகாய்ப் பழம்.

அன்றைக்குத்தான் மாமனார் வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வேப்பிலையைக் கண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"மாப்ளே, அம்மையா?"

அப்போதே கதவைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பின்னால் வளவு முழுக்க நின்றது. "ஆமா மாமா" என்றேன், உள்ளேயிருந்து.

"அம்மை சரி. நம்ம வீட்டு வாசல்ல வேப்பிலை எதுக்கு?"

"அய்யா, ஆத்தா இருக்கிற வாசல்ல நின்னு கேள்வி கேக்கக் கூடாது" என்றார் அக்கா. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தை நடுங்க வைத்தவர் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார்.

அங்கிருந்தே சொன்னார். "பொம்பளப் பிள்ளை மாப்ளே. ரெண்டு பேரும் சொகம். நீங்க இப்பம் வர வேண்டாம். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணி விட்டு ஒரு மாசம் போகட்டும்."

எனக்குக் கொண்டுவந்த இனிப்பை, அம்மைக்கு ஆகுமோ ஆகாதோ என்று, வளவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் மகள் பிறந்ததற்கான மைசூர்பாகை எல்லாரும் சாப்பிடுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "நெய் நல்லா விட்டுருக்காவ" என்றாள் மரியபுஷ்பம்.

அழுதேன். கண்வலிக் கண்ணில் அழுவது எப்படி எரியும் என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். கழுவலாம் என்று ஜன்னலோரம் இருந்த வாளிக்குப் போனபோது, இளநீர் வைக்க வந்த அக்கா இடுக்கு வழியே என் கண்ணைப் பார்த்துவிட்டார்.

"அய்யோ, கண்ணுல இறங்கிட்டாளே" என்றார். அம்மை கண்ணில் இறங்கிப் பார்வை போனவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்த காலம் அது. அக்கா அங்கேயே கும்பிட்டு நின்று வேண்டிக்கொண்டார். "பச்சப் பிள்ளை முகத்த இன்னும் பாக்கலை தாயே. கண்ணத் திருப்பிக் குடு. கொடைக்கு நான் தீச்சட்டி எடுக்கேன்."

அந்தக் காலோடு தீச்சட்டி.

அப்போதும் நான் கதவைத் திறக்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எளிதாகச் சொல்ல வரவில்லை.

திறந்தவர் நகராட்சி ஹெல்த் இன்ஸ்பெக்டர். அம்மை என்று யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். வேப்பிலையை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழற்றியபோது அவர் கண்ணும் என் கண்ணைப்போலவே இருந்தது. நான் யாருக்குப் பயந்து கதவைச் சாத்தினேனோ, அந்த நோயே அரசாங்க முத்திரையோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தது.

"சட்டையக் கழத்தும்வே." முன்னும் பின்னும் பார்த்தார். "எங்கவே அம்மை?"

அவர் என் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"இது வெறும் கண்வலில்லா? வாசல்ல எதுக்கு வேப்பிலை?"

சொன்னேன். அவர் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வெளிய நிக்கிறவங்ககிட்ட நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லிருங்க சார்."

வெளியே போய்ச் சொன்னார். "அம்மை ஒண்ணும் இல்ல தாயி. கண்வலி. எனக்கும் அதான்."

"அப்பம் வேப்பிலை?"

"அத அவருகிட்டக் கேளும்மா."

வேறு வழியில்லாமல் வாசலுக்கு வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மரியபுஷ்பம்கூடக் கேலி பண்ணாமல் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். அதுவே பயமாக இருந்தது. அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"இத்தன நாளும் குழாயில தண்ணி வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு அக்கா."

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார், தண்டவாளத்தின் பக்கமாக.

மறுநாள் கதவை விரியத் திறந்து வைத்தேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எடுக்கக் கூப்பிட்டேன். "எடுத்துட்டோம் சார்" என்றார்கள். திறந்த கதவுக்கு உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பது சாத்திய கதவுக்குள் இருப்பதைவிடக் கஷ்டம்.

கண் தெளிந்ததும் நாசரேத்துக்கு ஓடினேன். மாமனார் வாசலிலேயே நிறுத்தினார். "அன்னைக்கு அம்மை இருக்குன்னீங்க. இன்னைக்கு இல்லைங்கீங்க. இதுல எத நம்ப?" ஒரு மாதக் கணக்கு முடியும்வரை என் மகளை ஜன்னலுக்கு உள்ளே தூக்கிக் காட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி பஸ் ஏறினேன்.

ஆடியில் அம்மன் கோவில் திருவிழாவான கொடை வந்தது. அக்காவிடம் போய், அம்மையே வராததற்கு நேர்ச்சை எதற்கு, தீச்சட்டி வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"நான் வேண்டினது ஆத்தாகிட்ட. ஒங்கிட்ட இல்ல தம்பி."

தீச்சட்டி எடுப்பவர் நடக்கிற சூடான சாலையில் காலுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவது வழக்கம். அதை நான் செய்தேன். என் குழாயில் பிடித்த தண்ணீர். வாழ்க்கையில் முதல்முறையாக இடுப்பில் குடம் வைத்தேன்; இரண்டு முறை நழுவி வேட்டியோடு நனைந்தேன்; "சாரு ஆத்தாளுக்கு ஊத்துதாரா, அவருக்கே ஊத்திக்கிடுதாரா?" என்று மரியபுஷ்பம் கேட்க ஊர்வலமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. நெருப்பை ஏந்திக்கொண்டு குட்டைக் காலை எட்டி எட்டி வைத்து வந்தார். எதிரே சைக்கிளில் வந்த எங்கள் சபை ஐயர் (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இறங்கினார், ஈர வேட்டியோடு என்னைப் பார்த்தார், ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு நான் ஆராதனையில் வேதபாடம் வாசித்ததில்லை.

கோவில் வாசலில் சட்டியை இறக்கிவிட்டு அக்கா கேட்டார்: "குடத்துல மிச்சம் இருக்கா?" இருந்தது. வாங்கிக் குடித்தார்.

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கிறிஸ்டபெல். வளவு அவளை மாரி என்றது. கடைசியில் வீட்டிலும் அதுவே நிலைத்தது. சில வருஷங்களுக்கு முன் கொரோனா வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அவள் தொலைபேசியில் முதலில் கேட்டது: "அப்பா, இந்தத் தடவ நெசமாவா?" இன்றைக்கும் அவள் வந்திருக்கும்போது யாராவது அழைப்பு மணியை அடித்தால், "கதவத் திறக்கவா, வேப்பிலை கட்டவா?" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு பகுதியை மட்டும் நான் அவர்களுக்குச் சொன்னதில்லை. கொடைக்கு மறுநாள் காலையில் அக்கா குடத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அதுவரை ஒருநாளும் கேட்காதவர், நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"வரலாமா தம்பி?"

"என்ன அக்கா கேள்வி? வாங்க" என்றேன். வந்து பிடித்துக்கொண்டு போனார். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்த நாள்வரை ஒவ்வொரு காலையும் அந்த இடத்தில் நின்று அதைக் கேட்டார். நான் ஒவ்வொரு காலையும் வாங்க என்றேன். கேட்பதை அவர் நிறுத்தவே இல்லை.