உடைந்தது சம்பந்தமல்ல, பனித்தட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இந்த வார்த்தையை நீங்கள் இன்னும் வாபஸ் வாங்கவில்லை என்ற தைரியத்தில்), பெண்ணின் தகப்பன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். நேற்று உங்களை நிறுத்தத் தெருவரை கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. தங்கள் சட்டையில் பட்ட டீக்கறை போயிற்றா என்று அறிய ஆவல்.

நீங்கள் கல்யாணத் தேதி பற்றி வாயெடுத்த அதே நொடியில் உள்ளறைக் கம்ப்யூட்டர் கூவியதும், என் மகள் எழுந்து ஓடி, "அப்பா, உடைஞ்சிடுச்சு!" என்று அலறியதும், நான் டீயோடு துள்ளியதும், கண்ணாடித் தட்டுதான் போயிற்று என்று என் மனைவி துடைப்பத்தோடு பாய்ந்து வந்ததும், தங்கள் தமக்கையார், "சம்பந்தம் உடைஞ்சிடுச்சாமே, கிளம்புங்க எல்லாரும்" என்று என் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

உடைந்தது பனித்தட்டு ஐயா! துருவத்தில் நிலத்துப் பனி மெல்ல வழிந்து வந்து கடல்மேல் மிதந்து நிற்குமே, அது. ஒரு ஜில்லா அகலம். "மேல பாத்தா பாறை மாதிரி இருக்கும்பா, அடியில வெதுவெதுப்பான கடல்தண்ணி அரிச்சுக்கிட்டே இருக்கும்" என்பாள் மகள். கோடையில் மேற்பரப்பு உருகிக் குளம் குளமாக நிற்குமாம். அந்தத் தண்ணீர் விரிசலில் இறங்கினால், பனியைவிட அது கனம் அல்லவா, ஆப்பு அடித்த மாதிரி அடிவரை பிளந்துகொண்டே போகுமாம். முன்னால் நின்று அலையைத் தடுத்த கடற்பனியும் இந்த வருஷம் கரைந்துபோக, அலை வந்து ஆட்டு ஆட்டென்று ஆட்டியதில் அத்தனை பெரிய தட்டும் பிஸ்கட்டாக நொறுங்கிவிட்டது!

செயற்கைக்கோள் படங்களை வைத்துத் துருவப் பனியை ஆராய்வதுதான் என் பெண்ணின் உத்தியோகம். இப்படி ஆகும் என்று அவள் முன்பே ஆய்வறிக்கையில் எழுதினாள். அவள் மேலதிகாரி, "உன் காலத்துல நடக்காதும்மா" என்று சிரித்தார். நேற்று அவரே போனில், "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார். நான் குதித்தேன் ஐயா, இந்த வயதில்! அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெயிச்சதுக்குச் சிரிக்கிறதா, போனதுக்கு அழறதான்னு தெரியலப்பா. மிதக்கிறது உடைஞ்சதால கடல் ஏறிடாது. ஆனா பின்னால இருக்கிற மலைப்பனிக்கு இதுதானே முட்டுக்கொடுத்துச்சு? இனிமே அது வேகமா சறுக்கி வரும்" என்றாள்.

நீங்கள் எல்லோரும் தெருவில் இறங்கிவிட்டீர்கள். பல் டாக்டரான உங்கள் மகன் மட்டும் போகவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இருந்த பனித்தட்டின் படத்தை உற்றுப் பார்த்து, "மேல மயிரிழை விரிசல்தான் தெரியும், உள்ள வேர் வரைக்கும் போயிருக்கும். பல்லுலயும் இப்படித்தாங்க" என்றார். என் மகள் அப்போதுதான் அவர் முகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள். என் மனைவி துடைப்பக்கட்டையால் என் முதுகில் இடித்து, "முடிஞ்சுதுங்க" என்றாள். நல்லபடியாக முடிந்தது என்ற பொருளில். இதையும் தமக்கையாருக்கு விளக்கிவிடவும்.

ஆகவே, நீங்கள் குறிக்கும் எந்தத் தேதிக்கும் நாங்கள் தயார். பிள்ளைகள் இருவரும் உங்கள் கண் முன்னாலேயே, கூப்பிடு தூரத்தில் குடித்தனம் நடத்துவார்கள் என்பதற்கு நான் பொறுப்பு. பெரியவர்களுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு ஆசி, தமக்கையாருக்கு இரண்டும்.

இப்படிக்கு,
குரல் போன சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் ஓடி வந்தாள். உடைந்த இடத்தை அளக்கக் கப்பல் புறப்படுகிறதாம், இவளும் போகிறாளாம், திரும்ப அரை வருஷம் ஆகுமாம். எனவே தேதி எதுவும் குறிக்க வேண்டாம். கப்பலில் இருப்பவர்களுக்குப் பல் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டுமாம். அந்த ஆள் இப்போது எங்கள் கூடத்தில் நின்று கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லும் வேலையைத் தங்களிடம் விட்டுவிட்டாராம்.