தலைவர் இல்லாத சங்கமும் ஒரு பொன்னாடையும்

மேல் டிவிஷன் லயம்,
மஸ்கெலியா.
மழை விடாத ஒரு ஞாயிறு.

அன்பும் அடக்கமும் ஒருங்கே வாய்த்த மருமகள் தனுஜாவுக்கு, உன் தாய்மாமன் சின்னத்தம்பி சகல ஆசிகளையும் மூட்டை கட்டி அனுப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மழையும் அட்டைகளும் சுகம். கொழும்பில் நீயும் வெயிலும் கொசுக்களும் சுகமாயிருக்க, இந்த மலையிலுள்ள தெய்வங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனியே மனுப் போட்டிருக்கிறேன். நிற்க. இனி நான் எழுதப்போவது உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை. நீயும் நம்பவேண்டாம், வாசித்தால் போதும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதம்.

போன மாதம் நீ என்ன சொன்னாய்? "மாமா, கல்யாணத்தன்னைக்கு எனக்கு நெத்திப்பட்டம் கட்டுறது நீங்கதான். ஆனா சாராய வாசத்தோட வந்தீங்க, பொகவந்தலாவை மாமாவ கட்டச் சொல்லிருவேன்." அந்த ஆளையா! தன் சாரத்தையே ஒழுங்காகக் கட்டத் தெரியாதவர் என் மருமகள் நெற்றியில் பட்டம் கட்டுவதா? அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. லயத்து வீட்டுக்குள் நடந்தேன், லயத்துக்கு வெளியே நடந்தேன், கோழிகள் எல்லாம் எனக்கு வழிவிட்டே இளைத்துப்போயின. அப்போதுதான் காதில் விழுந்தது, ஹட்டனில் குடியை விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் சனிக்கிழமை கூடுறாங்களாம், யார் வந்தாங்கன்னு ஒருத்தரும் வெளிய சொல்லமாட்டாங்களாம், பரம ரகசியமாம்.

ரகசியமாகப் போக லீவு வேண்டுமே. பெரட்டுக் களத்தில், ஊரே வேலைக்குப் பேர் குடுக்க நிற்கிற நேரம், கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றேன். "எதுக்குய்யா லீவு?" என்றார். பல்லு வலின்னேன். "ஒனக்கு அந்தப் பக்கம் பல்லே கெடையாதே!" வேறு வழியில்லாமல் உண்மையை அவர் காதில் ஓதினேன். அந்தக் காது எங்கே போய் முடியுதோ தெரியல, நான் திரும்பி லயத்துக்கு வர்றதுக்குள்ள எதிர்மலையில கொழுந்து பறிக்கிறவங்க எனக்குக் கை காட்டி வழியனுப்புறாங்க!

பஸ் நிறுத்தத்துக்குப் போனா தப்பு அடிக்கிறாங்க. பக்கத்து லயத்து நாகலெட்சுமி தன் புருஷனைச் சட்டைக் கொலரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, "அண்ணே, இதையும் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வரலன்னாலும் பரவால்ல" என்றாள். அவ்வளவுதான், லயத்துக்கு லயம் பொம்பளைங்க தங்கள் தங்கள் புருஷனைக் கொண்டாந்து ஏத்த, "இஸ்ஸரஹாட்ட யன்ன! இஸ்ஸரஹாட்ட யன்ன!" என்று முன்னுக்குத் தள்ளித் தள்ளியே கண்டக்டருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வழியில் ஒரு சாராயத் தவறணை வந்தது பார், பஸ்ஸு தானா அந்தப் பக்கம் சாஞ்சுச்சு! ஸ்டியரிங்கைத் தான் தொடவே இல்லை என்று டிரைவர் புத்தர் மேல் சத்தியம் பண்ணினார்.

ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடி. படியேறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன், நான் ஏறி இறங்கின வேகத்தில் ஒரு படி தேய்ந்தே காணாமல் போயிற்று. கடைசியில் பின்னால் வந்த புருஷன்மார் என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள். நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், யோகேஸ்வரன் மாஸ்டர், எழும்பி வந்தார். "வாங்கோ, இருங்கோ. பேரை மட்டும் சொன்னால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"தலைவர் யாருங்க?"

"தலைவர் ஒருத்தரும் இல்லை."

"செயலாளர்?"

"அவரும் இல்லை."

"அப்ப நான் கொண்டாந்த பொன்னாடைய யாருக்குங்க போத்துறது?"

நீயே சொல்லு புள்ள, ரெண்டு பேர் சேர்ந்து கோயிலுக்கு வெள்ளையடிச்சாலும் மூணு தலைவர் இருக்கிற மலை இது! உடனே நானே என்னைப் பிரேரித்தேன், புருஷன்மார் ஆமோதித்தார்கள், ஆயுட்காலத் தலைவராகி எனக்கே பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினேன். அதைக் கேட்டு டவுன் தவறணைக்காரர் கடையை மூடிவிட்டு அழுதுகொண்டே மாடியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு தேத்தண்ணி வந்தது. கப்பைக் கையில் எடுத்தேன். அது நடுங்கின நடுக்கத்தில் மஸ்கெலியா நீர்த்தேக்கமே அலையடித்து வான்கதவு திறந்துவிட்டார்களாம். கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடியை ஒரே மட்டமாக வெட்டுகிற கை, மருமகளே, ஒரு கப்பைப் பிடிக்க முடியல. மாஸ்டர் தன் சாசரை என் கப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். மலைபோல் வரும் குறையெல்லாம் எங்கள் மலையோடு நிற்க, நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஆயுட்காலத் தலைவர்,
சின்னத்தம்பி மாமா.

பி.கு.: உங்கம்மா, அதான் என் அக்கா அழகம்மா, இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "புள்ளைக்குமாடா புளுகுவ?" என்று அகப்பையைத் தூக்கிக்கொண்டு நிக்குது. அதனால் சொல்லிர்றேன். தப்பு அடிக்கல. ஒரு புருஷனும் வரல, தனியாத்தான் போனேன். பொன்னாடை, பேச்சு, தலைவர் பதவி எல்லாம் பொய். தவறணை தொறந்துதான் கெடக்கு. என் பேரைக்கூட அங்க சொல்ல வாய் வரல. "அடுத்த கிழமை சொல்லுங்கோ, அவசரமில்லை"ன்னாரு மாஸ்டர். கப்பு நடுங்கினதும் அவரு சாசர் புடிச்சதும் மட்டும் நெசம். கல்யாணத்தன்னைக்கு வாசம் இருக்காது. கை கொஞ்சம் நடுங்கலாம். நீ தலைய மட்டும் கொஞ்சம் குனிஞ்சு குடு.