எங்கள் ஆலை அபசகுனம்

இந்த மலாயா தேசத்திலேயே அதிகம் பேர் செத்தது நாங்கள் 'அபசகுனம்' என்று பெயர் வைத்த மனிதரின் வாயால்தான். செத்தவர்கள் அத்தனை பேரும் மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிள்ளானில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் ஆலையில் அவர் மண்டோர், அதாவது மேஸ்திரி. எங்கே, யாருக்கு, எப்படி அடிபடக்கூடும் என்று தினமும் ஆலையைச் சுற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று துரை ஒருநாள் அவருக்கு உத்தரவு போட்டார். துரை அதை அன்றைக்கே மறந்துபோனார். இவர் மறக்கவில்லை.

காலையில் சங்கு ஊதியதும் ஆரம்பித்துவிடுவார். "முனியாண்டி, ஈரத் தரையில ஓடாத. வழுக்கினா கை நேரா உருளைக்குள்ளதான் போகும்!"

வேலை தொடங்கும் வேளையில் இப்படி ஓர் ஆசீர்வாதம் கிடைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? "விடிஞ்சதும் விடியாததுமா ஒரு நல்ல வார்த்தை வராதா லா உங்களுக்கு?" என்று எரிந்து விழுவான் மெசின்காரன் முனியாண்டி. அதற்குள் இவர் மரத்தூள் கூடையைக் கொண்டுவந்து தரையில் தூவிக்கொண்டிருப்பார்.

கல்யாண வீட்டையும் விடமாட்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். தாலி கட்டப்போகிற நேரத்தில் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, "பொண்ணோட முந்தானை ஓமத்துல விழப்போகுது, தள்ளி உட்காரச் சொல்லுங்க" என்றார். பெண்ணைப் பெற்றவர் கெட்டிமேளத்தைவிட உரக்கக் கத்தினார். கூடப் போன பாவத்துக்கு எனக்கும் பந்தியில் இடம் கிடைக்கவில்லை. பெண் மட்டும் சத்தமில்லாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய சண்டை துண்டினால் வந்தது. மெசினை ஓட்டும் பெல்ட் பக்கம் போகிறவர்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிட வேண்டும் என்றார். ஊரில் கண்டவன் முன்னாலெல்லாம் துண்டை இடுப்பில் கட்டி நின்ற வயிற்றெரிச்சலோடு கப்பலேறியவர்கள் எங்கள் ஆட்கள். இங்கே வந்த பிறகுதான் துண்டு தோளுக்கு ஏறியிருந்தது.

"மெசினுக்கும் கைகட்டி நிக்கணுமா?" என்று கொதித்துப்போய், துரையிடமே புகார் சொல்லிவிட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்து, ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தார் துரை. இன்னொரு தடவை தொந்தரவு என்று வந்தால் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது என்று மண்டோரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். வீடு ஆலைக்குச் சொந்தம். அவருடைய மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்து, அந்த வீட்டு வாசலில் முருங்கைக் கொம்பு நட்டு, அது அப்போதுதான் துளிர்த்திருந்தது.

ஆயுத பூசையன்று காலையில் அந்த அம்மாள் என் எதிரிலேயே அவரிடம் சத்தியம் வாங்கினார். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் வாயத் தொறக்காதீங்க. கிராணியார்தான் சாட்சி." அவர் பரிதாபமாகத் தலையாட்டினார்.

புது மெசினுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. ஓட்டி வைக்க வந்த துரைக்கு முழங்கால்வரை தொங்கும் சாமந்தி மாலை போட்டார்கள். உருளைகள் சுழன்றன. நாயனம் முழங்கியது. மண்டோர் வாயை இறுக மூடிக்கொண்டு வியர்த்து வழிந்தபடி நின்றார்.

துரை பூரிப்போடு உருளைகளைக் குனிந்து பார்த்தார். மாலையும் கூடவே குனிந்தது.

ஒரே பாய்ச்சல்! மாலையைப் பிடுங்கி வீசி எறிந்துவிட்டார் மனிதர். துரையின் தொப்பி ஒரு பக்கம் போய் விழுந்தது. நாயனம் பாதியில் நின்றது.

நடந்த விபத்துக்கு ஆயிரம் சாட்சி வரும். நடக்காத விபத்துக்கு யாரைக் கூப்பிடுவது? அத்தனை பேர் நடுவில் தன் மாலையைப் பிடுங்கிய கைதான் துரைக்குத் தெரிந்தது. நான் இங்கிலீஷில் விளக்கிப் பார்த்தேன். "எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே!" என்றார் அவர். ஏன் ஆகவில்லை என்பதுதான் அவருக்கு ஏறவே இல்லை.

வீட்டில் அம்மாள் அழுதார். "சத்தியம் பண்ணீங்களே!"

"வாயத் தொறக்கலையே. கையத்தானே நீட்டினேன்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

மறுநாள் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றினார்கள். செமினிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கேட்கப்போவதாகச் சொன்னார். முனியாண்டி தானாக வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்தான்.

"பின்னால வைக்காத. மேட்டுல ஏறும்போது வண்டி குடை சாஞ்சிரும்."

"சரிண்ணே" என்று பெட்டியை முன்னால் தள்ளி வைத்தான் முனியாண்டி. அவரை அண்ணே என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி போன பிறகு ஆலை ரொம்ப மங்களகரமாக ஆகிவிட்டது. அபசகுனமாக ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. மெசின் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

நல்ல சேதி சொல்கிறவர்களிடம், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்போம். அந்தப் பொல்லாத வாய்க்கு ஒரு மூட்டையே போட்டிருக்கலாம். ஒரு சிட்டிகைகூடப் போடாமல் அனுப்பிவிட்டோம்.