பிளக் சோதிக்கும் பெருமகன்

எதையும் பழுது பார்க்கத் தெரியாமல், எல்லாவற்றிலும் பழுது கண்டுபிடிக்க மட்டும் தெரிந்த ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். ஒரு பழைய காரைத் தெருவில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். மோப்பம் பிடித்துக்கொண்டு தானாக வந்து சேரும்.

முழு வளர்ச்சி பெற்ற ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பட்டப்பெயர் மீட்டர்காரர். பழைய கார்களுக்கென்று ஓர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அங்கே வேலை செய்பவர் அவருடைய தங்கையின் கணவர். சோதனை செய்பவர் இவர். ஸ்பானர் பிடிப்பது இழுக்கு, மீட்டர் பிடிப்பது அழகு என்று யார் இவர் காதில் ஓதினார்களோ! உழைப்பவன் கையில் அழுக்கு, தீர்ப்புச் சொல்பவன் கையில் சுத்தம் என்கிற நினைப்பில்தான் உலகத்து அநியாயத்தில் பாதி நடக்கிறது. மீதிப் பாதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அவருடைய அறைக்குள் நுழைந்தால் மூச்சு முட்டும். தீப்பொறி சரியான நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்கத் துப்பாக்கி வடிவில் ஒரு விளக்கு, பொறிக்குக் கரண்ட் ஏற்றும் காயிலுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ரேடியோ வடிவில் ஒரு பெட்டி, அந்தக் கரண்டைப் பங்கு பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிச் சுழலவிட்டு வேடிக்கை பார்க்க பீரோ உயரத்தில் ஓர் இயந்திரம், அந்த இயந்திரத்தில் முள் ஆடினால் ஏன் ஆடுகிறது என்று பார்க்க இன்னொரு முள், இவை எல்லாவற்றுக்கும் துணி போட்டு மூடி வைத்த மரியாதை. அத்தனையும் அவர் பிறப்பதற்கு முன்பே பிறந்தவை. இவற்றை யாராவது சோதித்தார்களா? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்பாவிடம் போய் அப்பாவின் பரீட்சை மார்க்கைக் கேட்பது மாதிரி.

அந்தத் துப்பாக்கி விளக்கு மின்னி மின்னி எரியும்போது, வேகமாகச் சுற்றுகிற ஃபேன் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கண்ணின் ஏமாற்றம் அது என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர் இவர்தான். ஆனாலும் ஒருநாள், "பாருங்க, எப்படி நிக்குது!" என்று பேனாவால் இறக்கையைத் தொட்டுக் காட்டினார். பேனா எதிர்வீட்டு மாடியில் கிடைத்தது. மூடி இன்னும் கிடைக்கவில்லை.

இவருடைய தாரக மந்திரம் ஒன்றே ஒன்று: "நானா சொல்றேன்? மெஷின் சொல்லுது." குறி சொல்கிறவரும் இதைத்தானே சொல்கிறார்? ஒரே வித்தியாசம், இவருக்குக் கரண்ட் வேண்டும்.

சரி, சிரித்தது போதும். இந்த இனம் கடிக்கும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

பல் டாக்டர் ஒருவரின் பழைய கார், ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்பிய வேகத்திலேயே தெருமுனையில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தார்கள். "பெட்ரோல் குழாய்ல அடைப்பு மாதிரி தெரியுது மச்சான்" என்றார் மெக்கானிக். அந்தப் பேச்சு மீட்டர்காரர் காதில் ஏறுமா? என்ஜினுக்குள் தீப்பொறி தரும் நான்கு பிளக்கையும் கழற்ற வைத்து, தம் பிளக் சோதனைப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். வேலை எளிது. பிளக்கைத் திருகி மாட்ட வேண்டும், காற்றடிக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், நாணயம் அளவிலான ஒரு கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க வேண்டும். நீலப் பொறி தெரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. தெரியாவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் பிளக், இருட்டு. இரண்டாவது, இருட்டு. நான்கும் இருட்டு.

மீட்டர்காரர் திரும்பினார். "மாப்பிள்ளை, டாக்டர் புது பிளக்குக்குக் காசு கொடுத்தாரே. புதுசு எங்க போச்சு?"

"இதுதான் மச்சான் புதுசு. நேத்து நான்தானே மாட்டினேன்?"

"செத்த பிளக்கை மாட்டிட்டு நல்லதை வெளியில வித்துட்டீங்க. நானா சொல்றேன்? மெஷின் சொல்லுது."

பார்த்தீர்களா? இருட்டைப் பார்த்தவர் திருடனைப் பிடித்துவிட்டார்! பல் டாக்டர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "நாளையிலேருந்து ஒர்க்‌ஷாப் பக்கம் வராதீங்க" என்று தீர்ப்பும் வந்தது. கையில் இருக்கும் ஒரே தொழில், பேரில் திருட்டுப் பட்டம். இந்தத் தொழிலில் திருடன் என்று பெயரெடுத்தவனை எந்த ஒர்க்‌ஷாப் சேர்க்கும்?

ஆனால் மாப்பிள்ளை தலை குனிந்து போகிற ரகம் இல்லை. அலமாரியிலிருந்து பிரிக்காத பாக்கெட்டை எடுத்தார். "உங்க கையாலயே பிரிங்க மச்சான். உங்க கையாலயே மாட்டுங்க."

மாட்டினார். இருட்டு.

"கடைக்காரனும் கூட்டா!" என்றார் மீட்டர்காரர்.

"சரி. காலையில நீங்க ஓட்டிட்டு வந்தீங்களே, உங்க கார், அதோட பிளக்கைக் கழட்டுறேன்."

கழற்றி வந்தார். மாட்டினார்கள். இருட்டு.

இப்போது சொல்லுங்கள், சுயபுத்தி உள்ளவர் எவரும் எதைச் சந்தேகிப்பார்? பெட்டியைத்தானே? நம்மவர் பெருமூச்சு விட்டார்.

"பாவம். என் காரும் போச்சு."

"ஏங்க, பொறியே இல்லாம காலையில எப்படி ஓடுச்சு?" பல் டாக்டருக்கே பொறுக்கவில்லை.

"பழக்கத்துல ஓடியிருக்கு, டாக்டர்."

நான் அங்கே நின்றிருந்தேன். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கை உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். பெட்டிக்கு முன்னால் குனிந்தார்.

"அண்ணே, இதுல என்னண்ணே தெரியும்? கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு."

"தொடாதே! அது அந்தக் காலத்துப் பிசுக்கு. ஒரிஜினல். துடைச்சா மதிப்பே போயிடும்!"

"எம் புருஷன் மதிப்பு போகுதே, அது பரவாயில்லையா?"

சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பையைச் சுற்றியிருந்த துணியை எடுத்து, எச்சில் தொட்டு, அழுத்தித் துடைத்தார். மீட்டர்காரர் தம் கன்னத்திலேயே யாரோ உரசுவதுபோல் துடித்தார். தங்கை பொத்தானை அழுத்தினார். உள்ளே நீலப் பொறி சடசடவென்று துள்ளியது. ஒவ்வொரு பிளக்காக மாட்டினார்கள். செத்துப்போன பிளக் எல்லாம் வரிசையாக எழுந்து உட்கார்ந்தன. மாப்பிள்ளை இதற்கிடையில் பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதி, அடைப்பைத் துப்பிவிட்டு வந்தார்.

மீட்டர்காரர் வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? முகமெல்லாம் பூரிப்பு!

"பார்த்தீங்களா! என் மெஷின் எவ்வளவு துல்லியம்னு!"

"அது இருக்கட்டும் மச்சான். என்னைத் திருடன்னு சொன்னீங்களே, டாக்டர் எதிர்லயே அதை வாபஸ் வாங்குங்க. அப்புறம்தான் ஸ்பானரைத் தொடுவேன்."

"நான் எங்க மாப்பிள்ளை சொன்னேன்? மெஷின்..."

"அப்படியா?" என்றார் தங்கை. "அப்ப அதுவே மன்னிப்புக் கேட்கட்டும்." பெட்டியின் ஒயரை இரண்டு பக்கமும் பிடுங்கிச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, கணவரைக் கையோடு அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரின் கார் பிளக்கில்லாமல் வாய் பிளந்து நின்றது. பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மீட்டர்காரர் ஒரு பிளக்கை எடுத்தார், எந்தப் பக்கம் திருகுவது என்று யோசித்தார், திரும்ப வைத்தார். பிறகு வாசலுக்கு ஓடினார். தெருவே கேட்க, "மாப்பிள்ளை, தப்பு என்னுதுதான்! நீங்க திருடலை!" என்று அவர் கத்தியதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். இந்த இனத்தின் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததாக வேறெங்கும் பதிவில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். பெரியப்பாவோ, மேலதிகாரியோ, மாடிவீட்டுக்காரரோ. "அச்சு அசல் அவரேதான்!" என்று தொடையைக்கூடத் தட்டியிருப்பீர்கள். நல்லது. கையோடு இதை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களைப் பார்த்து என்ன சொல்வார் தெரியுமா? "எப்படிங்க, உங்களைப் பக்கத்துல உட்கார வச்சு எழுதின மாதிரியே இருக்கு!"