உப்புக்காரியின் கட்டில்

எங்கள் சுங்குவார்சத்திரத்தில் உப்புக்காரியைப் போலத் தூங்கக்கூடியவள் அவளுக்கு முன்பும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஹாஸ்டல் வாசலில் லாரி டயர் வெடித்து ரோடே கூடியபோதும் அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அந்தப் பெண்கள் ஹாஸ்டலில் நான் சமையல். யாரிடமும் நின்று பேசக் கூச்சம். சந்தேகப்பட மட்டும் கூச்சமில்லை. அடுப்படியில் கல் உப்பு பாக்கெட் பாக்கெட்டாகக் காணாமல் போனதும், எவளோ சூனியம் வைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மொட்டை மாடியில் கையும் களவுமாகப் பிடித்தேன். செல்போன் கம்பெனி லைனில் வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண். கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டி இழுத்து இழுத்து, கொப்புளம் வந்த கைகளை உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். அன்று முதல் அவள் எனக்கு உப்புக்காரி.

"இன்னாடி பண்ற?"

"கை காய்ச்சுப் போவணும் ஆயா. நாங்க நாலு பொம்பளையளும் துடுப்பு வலிச்சே கடலத் தாண்டப் போறோம்லா. ஆஸ்திரேலியாவுல ஏறி ஆப்பிரிக்காவுல எறங்குவோம்."

"இஞ்சின் கீதா?"

"கெடையாது."

"பாய்மரம்?"

"அதுவும் கெடையாது."

"அப்ப இன்னாத்துக்குப் போறீங்க?"

யோசித்தாள். "துடுப்பு வலிக்கத்தான் ஆயா."

இதைவிட நல்ல பொய் எனக்கே சொல்லத் தெரியும். எவனோ ஏஜென்ட் பெண்ணைக் கடத்தப் பார்க்கிறான் என்று அன்றே தீர்மானித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏஜென்டே வந்தாள். குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி. படகுக்கு இவள்தான் கேப்டனாம். டீயோடு போய்க் கதவோரம் நின்றேன். உள்ளே உப்புக்காரிக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மணி நேரம் வலிக்கணும், ரெண்டு மணி நேரம் தூங்கணும், மாத்தி மாத்தி. போன வாரம் கடல்ல பழகுனப்ப அலாரம் கத்திக் கத்தி ஓஞ்சுபோச்சு, நீ எழுந்திருக்கல. உன் முறையையும் நானே வலிச்சேன். நடுக்கடல்ல இப்படின்னா? நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

உப்புக்காரி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை உப்பும் வீணா? என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சத்தத்துக்கெல்லாம் எழுந்துக்க மாட்டாம்மா. கால்மாட்டுல போய்க் குந்து, எழுந்துக்கும்."

எங்கள் ஹாஸ்டலில் கட்டிலுக்கு இரண்டு பேர். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவள் கால்மாட்டில் உட்கார்ந்தால், படுத்திருப்பவள் எழுந்து இடம் விட வேண்டும். பேச்சே கிடையாது.

கேப்டன் என்னைவிடச் சந்தேகக்காரி. "இப்பவே படு, பாக்கலாம்" என்றாள். படுத்ததும் குறட்டை. கேப்டன் காதோரம் கை தட்டினாள், தட்டைத் தட்டினாள். அசைவில்லை. கடைசியில் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். உப்புக்காரி விருட்டென்று எழுந்தாள். பாதிக் கண்ணை மூடியபடியே பக்கெட்டை எடுத்துக்கொண்டு பாத்ரூம் வரிசையில் போய் நின்றுவிட்டாள். வரிசையில் வேறு யாருமே இல்லை.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆள் மாற்றும் பேச்சு அதோடு போயிற்று.

இப்போது நால்வரும் கடலில் இருக்கிறார்கள். ஹாஸ்டல் பெண்கள் போனில் படம் காட்டினார்கள்; அதில் கறுத்துப்போய்ச் சிரிக்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்காரி மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அலுப்பில் அவளே அசந்துவிட்டால், உப்புக்காரியை யார் எழுப்புவது? அதனால் ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும், காலியாகக் கிடக்கும் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.