கல் நகர்த்தும் கனவான்

2019 மே 14, செவ்வாய்க்கிழமை. காற்று அசையவில்லை, உப்புச் சதுப்பிலிருந்து கிளம்பிய கொசுக்கள் நகர்மன்றக் கூடத்தின் வலைக்கதவில் வரிசையாக அமர்ந்து உள்ளே வர நேரம் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று மாலை நான் உற்றுநோக்கிய உயிரினம் கொசுவன்று, வாசகரே; அதனினும் மென்மையாகக் கடிக்கும் ஒன்று. கல் நகர்த்தும் கனவான் என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறேன்.

உலகெங்கும் காணப்படும் இனம் இது. தென் கரோலினாக் கடலோரத்தில் எங்கள் ஹால்ஸ்டன் துறையில், திரு. வின்ஃபீல்ட் ப்ரூயிட் என்னும் பெயரோடு, நகர்மன்ற உறுப்பினராகவும் கரையழகுக் குழுவின் தலைவராகவும் அது வாழ்ந்து வருகிறது. நற்காரியம் எதையும் அவர் எதிர்த்ததில்லை. முதலில் எழுந்து வரவேற்பவர் அவரே. நெஞ்சில் கை வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “இது எப்பவோ செஞ்சிருக்க வேண்டிய காரியம்” என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். பிறகு, அதைச் சற்றே தள்ளி வைக்க முடியுமா என்று கேட்பார்.

ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர் கப்பலைவிட்டு இறக்கப்பட்ட இடம், எங்கள் துறையின் கற்படிகள். சென்ற கோடையில் வெள்ளுடை உடுத்தி அங்கே கூடினோம். பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லியும், தெரியாதவர்களை மௌனத்தாலும் அழைத்து, நீர் வார்த்து, ஒவ்வொரு வார்ப்புக்கும் “ஆஷே”, அதாவது ‘அப்படியே ஆகட்டும்’, என்று ஒரே குரலாகச் சொன்னோம். இவ்வாண்டு நினைவுக்கல்லும் செதுக்கியாயிற்று. ஜூன் மாத நீர்வார்ப்புக்குள் அதைப் படிகளின் தலைப்பில் நாட்டவேண்டும். நகர்மன்றத்தின் ஒப்புதல் ஒன்றே பாக்கி.

ப்ரூயிட் மார்ச் மாதம் ஆதரித்தார். தீர்மானத்தில் கல்லின் இடம் வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் போயிற்று. ஏப்ரலில் இன்னும் கனிந்து ஆதரித்தார். நூலகத்தின் பின்புறம் போயிற்று. மே மாதத்திலோ உள்ளம் உருக ஆதரித்தார்; கழிவுநீர் இறைக்கும் பம்பு நிலையத்தின் வேலியோரம் போய் நின்றது. அமைதியான சூழலாம், தனித்து நின்று சிந்திக்கலாமாம். சிந்திக்கலாம், மூச்சுவிடத்தான் முடியாது.

இதே ஊரில், யாரோ ஒரு தளபதியின் குதிரை தண்ணீர் குடித்த இடத்துக்கு நட்ட நடுச்சாலையில் கல் நிற்கிறது. பள்ளிப் பேருந்துகள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. அக்குதிரை சற்றுத் தள்ளிக் குடித்திருக்கலாகாதா என்று ப்ரூயிட் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்ப்பே இல்லாத தீர்மானத்தை, மெருகூட்டுவதற்கென்று எத்தனை மாதமும் தள்ளிப்போடலாம். உறுப்பினர் ஒருவர் வாய்திறந்து எதிர்த்துவிட்டாலோ, அன்றைக்கே கைதூக்கி முடிவுசெய்தாக வேண்டும். எங்கள் திருச்சபையே திரண்டு வந்து அமர்ந்திருக்க, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிராகக் கைதூக்கும் துணிவு மற்ற உறுப்பினர் எவருக்கும் கிடையாது. ஆக, எங்களுக்குத் தேவைப்பட்டது ஆதரவன்று. ஆதரவில் மூழ்கிக்கொண்டுதானே இருந்தோம்! தேவைப்பட்டது ஓர் எதிர்ப்பு.

மருந்துக்கடை நடத்தும் லூசிண்டா கிரிம்பால், எங்கள் நினைவுக்கல் குழுவின் செயலாளர், எழுந்தார்.

“மிஸ்டர் ப்ரூயிட், கல்லைப் படியிலயே வச்சிடலாமா?”

“மிஸ் லூசிண்டா, என் மனசு பூரா உங்க பக்கம்தான்...”

“மனசை நீங்களே வச்சுக்கோங்க. கல்லை எங்க வைக்கிறது?”

“கொஞ்சம் நகர்த்தி...”

பின்வரிசையிலிருந்து எங்கள் திருச்சபையின் மூப்பர், டீக்கன் ஹோசியா, குரல் கொடுத்தார்: “இன்னும் கொஞ்சம் நகர்த்தினா ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போயிடும், ஐயா!”

கூடம் குலுங்கியது. ப்ரூயிட்டும் சிரித்தார், காது மட்டும் சிவந்தது.

“அப்படி இல்லைங்க. அந்தப் படியிலதான் கல்யாணப் பொண்ணுங்க நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. நல்ல நாளும் அதுவுமா அதுங்க மனசு கஷ்டப்படாதா?”

“அங்க இறங்கின பொண்ணுங்களுக்கும் கல்யாண வயசுதான், ஐயா” என்றார் லூசிண்டா.



இவ்விடத்தில், வாசகரே, தாங்கள் ப்ரூயிட்டைக் கண்டு உச்சுக்கொட்டுவது எனக்குக் கேட்கிறது. சற்றுப் பொறுங்கள். உங்கள் தெருவில் ஒரு நற்காரியம் வந்து நின்றபோது, ‘அருமையான யோசனை, அடுத்த தெருவில் இன்னும் எடுப்பாக இருக்கும்’ என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எந்த ஆண்டு? நினைவில்லையா? இவ்வினத்துக்கு அந்த ஞாபகமறதியும் ஓர் அடையாளம். உங்களில் எவரேனும் மனம் திருந்தி எங்களுக்கு உதவ விரும்பினால், ப்ரூயிட் அடுத்துச் செய்ததைச் செய்யுங்கள், அது போதும்.

லூசிண்டா மேசையருகே வந்தார். அவர் குரல் உயரவில்லை. கூட்டம் முழுவதும், ‘இவர் எதிர்த்துச் சொல்லட்டும், சொல்லட்டும்’ என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது.

“பம்பு வீட்டை விடுங்க. நூலகத்தை விடுங்க. எங்க ஆளுங்க கால் வச்ச படியில இந்தக் கல்லு நிக்கலாமா?”

ப்ரூயிட் ஜன்னல் வழியே படிகளைப் பார்த்தார். மன்ற எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

“கூடாது.”